மனசுக்குப் பட்டதை எவ்வளவு நம்பலாம்

கார் விபத்தில் தலையில் அடிபட்டு, மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்து பிழைத்து எழுந்தவர் ஒருவர். பேச்சு தெளிவாக இருக்கிறது, புத்தியும் தெளிவாக இருக்கிறது. ஆனால் தன் அம்மாவைப் பார்த்து, இவர் என் அம்மாவைப் போலவே இருக்கிறார், ஆனால் அம்மா இல்லை, அம்மாவாக நடிக்கும் வேறு யாரோ என்கிறார். அப்பாவைப் பற்றியும் இதே பேச்சுதான். அதே அம்மா போனில் கூப்பிட்டால் எந்தக் குழப்பமும் கிடையாது. குரல் கேட்டதுமே தெரிந்துவிடுகிறது.

இந்த நிலைக்கு காப்கிரா நோய்க்குறி என்று பெயர். ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் 1923இல் இதை முதலில் விவரித்து எழுதினார். மேலே சொன்ன மனிதரை ஆராய்ந்தவர் நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு கலிஃபோர்னியாவின் சான் டியாகோவுக்குப் போன வி. எஸ். ராமச்சந்திரன். அவரும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1997இல் வெளியிட்ட விளக்கம் இது: முகத்தை அடையாளம் காணும் மூளைப் பகுதி நன்றாகவே வேலை செய்கிறது. அங்கிருந்து உணர்ச்சிக்குப் பொறுப்பான பகுதிக்குப் போகும் வழிதான் அறுந்திருக்கிறது. நமக்கு வேண்டிய முகத்தைப் பார்த்தால் உள்ளங்கை கொஞ்சமாக வியர்க்கும், நமக்கே தெரியாத அளவுக்கு. கருவி வைத்தால் அது பதிவாகும். இவருக்கு அம்மாவின் படத்தைக் காட்டினாலும், முன்பின் தெரியாதவர் படத்தைக் காட்டினாலும் கை ஒரே மாதிரிதான் இருந்தது.

இதைப் படித்த நாளிலிருந்து என்னால் விட முடியாத விஷயம் ஒன்று உண்டு. அம்மாவை அம்மா என்று அறிவதற்குக் கண்ணும் ஞாபகமும் போதவில்லை. மூக்கு, கண், நெற்றி எல்லாம் பொருந்தினாலும் உள்ளே ஏதோ ஒன்று அசைந்தால்தான் "ஆமாம், இவர்தான்" என்று முடிகிறது. அது அசையாதபோது அறிவு சும்மா இருப்பதில்லை. கண் ஒன்று சொல்கிறது, உள்ளம் ஒன்று சொல்கிறது, இரண்டையும் சமாளிக்க ஒரு கதை வேண்டும் என்று ஆள்மாறாட்டக் கதையைக் கட்டிக் கொடுக்கிறது.

அப்புறம் இதில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில் அடிபட்ட வேறு சிலருக்கும் வேண்டியவர் முகத்தைப் பார்த்தால் கை வியர்ப்பதில்லை. 1995இல் டேனியல் டிரானெலும் டமாசியோ தம்பதியும் இதைக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் யாரும் இது என் அம்மா இல்லை என்று சொல்லவில்லை. ஆகவே உணர்வு அறுந்தது மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆஸ்திரேலிய உளவியலாளர் மாக்ஸ் கோல்ட்ஹார்ட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் இதற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். உணர்வு அறுந்ததால் ஒரு விபரீத எண்ணம் வருகிறது. வந்த எண்ணத்தை "இது நடக்கிற காரியமா?" என்று நிறுத்திக் கேட்கும் வேலையும் பழுதாகியிருப்பதால் அது நிலைத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து கெட்டால்தான் நோய்.

அறிவு பெரிதா, உணர்வு பெரிதா என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அந்த டமாசியோ தம்பதியில் ஒருவரான அந்தோனியோ டமாசியோவிடம் வந்த, அதே நெற்றிப் பக்க மூளை பழுதான ஒரு நோயாளியிடம் அடுத்த முறை வருவதற்கு இரண்டு தேதிகள் கொடுத்து எது வசதி என்று கேட்டார்கள். அவர் ஏறக்குறைய அரை மணி நேரம் இரண்டுக்கும் சாதக பாதகம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு காரணத்தில்கூடப் பிழையில்லை. போதும், இதுதான் என்று முடிக்க மட்டும் அவரால் முடியவில்லை. இரண்டாவது தேதியில் வாருங்கள் என்று மருத்துவர் சொன்னதும் சரி என்று எழுந்து போய்விட்டார்.

இதெல்லாம் மூளையில் அடிபட்டவர்களைப் பற்றியது. மூளை ஒழுங்காக இருக்கும் நமக்குக் கேள்வி வேறு. உணர்வு இல்லாமல் எதையும் அறிய முடியாது, சரி. ஆனால் மனசுக்குப் படுவதெல்லாம் உண்மையா? இல்லையென்றால், எந்த இடத்தில் பட்டதை நம்புவது, எந்த இடத்தில் நம்பக் கூடாது?

எனக்கு இதற்கு விடை கிடைத்தது ஒரு குழந்தைகள் வார்டில்.

அக்கா மகளுக்கு நாலு வயது இருக்கும்போது காய்ச்சல் வந்தது. மழைக்காலம், தெருவில் பாதி வீடுகளில் காய்ச்சல். கிளினிக்கில் பார்த்த டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், வைரல் ஃபீவர், பாரசிட்டமால் கொடுங்கள், மூன்று நாளில் விடாவிட்டால் வாருங்கள் என்றார். அவர் பார்த்தவரைக்கும் அது நியாயமான பேச்சு. அக்கா எழுந்திருக்கவில்லை. "சார், இவ இப்படி இருக்கிறவ இல்ல சார்" என்றாள். என்னம்மா வித்தியாசம் என்று அவர் கேட்டார். அக்காவுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஸ்டெத்தைப் பார்த்தாலே கத்துவா. இப்ப நீங்க தொட்டப்போ கையை நீட்டிட்டு சும்மா இருந்தா. அழாததுதான் சார் எனக்கு பயமா இருக்கு."

அவர் கேட்டுக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். டெங்கு.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2004ஆம் ஆண்டு இதைப் பற்றியே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. ஆன் வான் டென் ப்ரூயெலும் அவர் குழுவும் செய்தது, 2012இல் வெளிவந்தது. உடல்நலக் குறைவோடு முதல்நிலை மருத்துவர்களிடம் வந்த 3,890 குழந்தைகள். பரிசோதித்த மருத்துவர்களிடம் இரண்டு கேள்விகள்: பார்த்ததை வைத்து இது கடுமையான நோயாகத் தெரிகிறதா? அது ஒருபுறம் இருக்க, ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் படுகிறதா? 3,369 குழந்தைகளுக்குக் கடுமையான நோய் இல்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். அவர்களில் 6 பேர் பிறகு கடுமையான தொற்றோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். "ஒன்றுமில்லைதான், ஆனால் மனசு ஒப்பவில்லை" என்று மருத்துவர் சொன்ன குழந்தைகளை மட்டும் கூடுதலாகக் கவனித்திருந்தால் அந்த 6 பேரில் 2 பேர் முன்பே பிடிபட்டிருப்பார்கள். அதற்கு 44 குழந்தைகளை வீணாகக் கவலைப்பட்டுப் பார்த்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இது கொடுக்கத் தகுந்த விலை.

மருத்துவர்களுக்கு அந்த உறுத்தல் எதனால் வந்தது என்றும் பார்த்திருக்கிறார்கள். குழந்தை சோர்ந்து கிடப்பது, சிரிக்காதது, மூச்சு விடும் விதம், வலிப்பு. இவற்றோடு இன்னொன்று: இந்த நோய் முன்பு வந்தவற்றைப் போல் இல்லை என்று பெற்றோர் சொல்வது. அதாவது ஒரு தாயின் கவலை மருத்துவரின் உள்ளுணர்வுக்குள் போய், அங்கிருந்து நோயைக் கண்டுபிடிக்கும் வேலையைச் செய்கிறது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் பெத் கிராண்டல் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த அனுபவமுள்ள செவிலியர்களிடம் உட்கார்ந்து பேசினார். ரத்தத்தில் தொற்று ஏறுவதை லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே அவர்கள் சொல்லிவிடுவார்கள். எப்படி என்று கேட்டால், தெரிந்தது, அவ்வளவுதான் என்பார்கள். ஒவ்வொரு சம்பவமாக எடுத்து, என்ன பார்த்தீர்கள், அதற்கு முன் எப்படி இருந்தது என்று பொறுமையாகத் தோண்டியபோது நிறம், அசைவு, பால் குடிக்கும் விதம் என்று நுணுக்கமான அடையாளங்கள் வரிசையாக வெளியே வந்தன. சில அடையாளங்கள் அன்றைய பாடப்புத்தகங்களிலேயே கிடையாது. அக்கா "அழவில்லை" என்று சொன்னது இந்த ரகம். முதலில் பயமாக வந்தது. டாக்டர் பொறுமையாகக் கேட்டதால் அது சொல்லக்கூடிய தகவலாக மாறியது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் பயமாகவே நின்றிருக்கும், அக்காவும் சும்மா பயப்படுகிற அம்மாக்களில் ஒருத்தியாகியிருப்பாள்.

இதோடு நிறுத்தினால் தாயின் மனம் பொய் சொல்லாது என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி எழுதிவிடலாம். நான் பார்த்தது அதோடு நிற்கவில்லை.

வார்டில் சேர்த்த பிறகு ஒரு நாள் காலையில் காய்ச்சல் விட்டது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்த என் அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்கா முகத்தில் அத்தனை நாளும் இல்லாத தெளிவு. குழந்தை கண்ணை மூடிப் படுத்திருந்தது. பாவம், இப்பத்தான் நிம்மதியா தூங்குறா என்றாள். எங்கள் எல்லோருக்குமே கண்டம் தாண்டிவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. "தெரிந்தது" என்றே எழுதுகிறேன், ஏனென்றால் அப்போது அது நம்பிக்கையாக இல்லை, கண்ணால் பார்த்த உண்மையாகவே இருந்தது.

டியூட்டிக்கு வந்த சிஸ்டர் நெற்றியைத் தொடவில்லை. போர்வையை விலக்கி பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். கால் கட்டைவிரலை நகத்தோடு அழுத்திப் பிடித்து விட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். கடைசியாக எப்போது யூரின் போனாள் என்று கேட்டார். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே சிஸ்டர்" என்று அக்கா சொன்னதற்கு, "விட்டப்புறம்தாம்மா பார்க்கணும்" என்றார். ரத்தம் எடுத்துப் போனார்கள். பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு, 36இலிருந்து 41 ஆகியிருந்தது. டாக்டர் வந்து ட்ரிப்ஸ் வேகத்தை மாற்றினார். அன்று முழுக்கச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பிசிவி, பல்ஸ், பிபி.

டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், உள்ளே மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும். பிசிவி ஏறுவது அதன் அடையாளம். இது ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை நீடிக்கும். அதைக் கவனித்துத் திரவத்தை அளந்து கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் தாண்டிவிடுவார்கள். கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில், ரத்த ஓட்டம் சரிந்துபோகும் 'ஷாக்' நிலைக்குப் போகலாம். வெளியே எல்லோரும் பிளேட்லெட் எத்தனை, பிளேட்லெட் எத்தனை என்றே கேட்டுக்கொண்டிருப்போம். வார்டுக்குள் அவர்கள் கண் பிசிவி மீது இருக்கும். குழந்தை அசந்து கிடப்பதும், தாங்க முடியாத வயிற்றுவலியும், விடாத வாந்தியும் உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட எச்சரிக்கை அடையாளப் பட்டியலில் இருக்கின்றன. நாங்கள் நிம்மதியான தூக்கம் என்று பார்த்ததை அந்தச் சிஸ்டர் அந்தப் பட்டியலில் வைத்துப் பார்த்தார்.

குழந்தை நல்லபடியாக வீடு வந்துவிட்டாள். என் மனதில் தங்கியது இதுதான்: அதே அக்கா, அதே குழந்தை, அதே பாசம். முதலில் வந்த பயம் சரியாக இருந்தது. பிறகு வந்த நிம்மதி தவறாக இருந்தது. இரண்டும் ஒரே அளவு உறுதியோடுதான் வந்தன. உள்ளே இருந்து பார்த்தால் சரியான நிச்சயத்துக்கும் தவறான நிச்சயத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்றில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். கானமன் உள்ளுணர்வு எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதை ஆராய்ந்தவர். க்ளைன் தீயணைப்பு வீரர்கள், செவிலியர்கள் போன்றோரின் உள்ளுணர்வு எவ்வளவு திறமையானது என்று காட்டியவர். இருவரும் பல ஆண்டுகள் வாதாடி, கடைசியில் இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள். பழகுகிற விஷயத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், இன்ன அடையாளம் வந்தால் இன்னது நடக்கும் என்கிற மாதிரி. அந்த ஒழுங்கைப் பழகிக்கொள்ள வேண்டிய காலமும், செய்தது சரியா தவறா என்று தெரிந்துகொள்ளும் வழியும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் மனசுக்குப் படுவதை நம்பலாம். ஒருவருக்கு எவ்வளவு உறுதியாகப் படுகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதை அக்காவோடு வைத்துப் பார்த்தேன். அந்த முகத்தை அவள் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் படித்திருக்கிறாள். அழுகை என்றால் பசியா, தூக்கமா, பிடிவாதமா என்று ஊகித்து, ஊகம் சரியா என்று அடுத்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பயம் நன்றாகப் படித்த பயம். நிம்மதி எங்கே படித்தது? சளிக் காய்ச்சலிலும் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும். அவற்றில் சூடு இறங்கினால் நோய் இறங்கிவிட்டது என்று அர்த்தம். டெங்கு குழந்தையை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

சிஸ்டர் பார்த்திருக்கிறார். அவருக்கு முன்னால் 1960களில் பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர்கள் பார்த்தார்கள். தாய்லாந்துக் குழந்தைகளின் படுக்கை ஓரத்தில் அவர்கள் கவனித்து எழுதியதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் டெங்கு வழிகாட்டுதலுக்கு அடிப்படையாக அமைந்தது. காய்ச்சல் விட்ட பிறகு சரிந்துபோன குழந்தைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பாடம் எழுதப்பட்டது. பிசிவி என்ற எண்ணைப் பார்க்கும்போது அறிவு குளிர்ந்தது, பாசம் சூடானது என்று பிரித்துப் பேச எனக்கு இப்போது வாய் வருவதில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனையோ தாய்மார்களின் இழப்பு இருக்கிறது.

படிக்காத பயம் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது, எழுதக் கை கூசுகிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. 65 வயதைத் தொட்ட பெண்மணி அங்கே விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். உடன் வந்தவர்களுக்குப் படுகாயம். அந்த ஆண்டு இந்தியா முழுக்கக் குழந்தை கடத்தல் பற்றிய வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று பாகிஸ்தானின் கராச்சியில் பெற்றோரின் விழிப்புணர்வுக்காக எடுத்த படம். தூக்கிச் சென்ற குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பியிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தின் பயம் நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. பிள்ளை மேல் உள்ள பாசத்தில் வந்த பயம்தான், என் அக்காவுக்கு வந்த அதே பயம். ஆனால் அங்கே இருந்தவர்களில் பிள்ளை பிடிக்கிறவரை நேரில் பார்த்துப் பழகியவர் யார் இருந்திருக்க முடியும்? இப்படிச் சந்தேகப்பட்டோம், அது தவறாகிப்போனது என்று யாராவது வந்து அவர்களுக்குச் சொல்லியிருப்பார்களா? அந்த நிச்சயம் வெட்டி ஒட்டிய வீடியோவில் படித்து வந்தது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அம்மா நீங்க எந்த ஊர், எந்தக் கோயிலுக்கு வந்தீங்க என்று நிதானமாகக் கேட்டுப் பதிலை நின்று கேட்டிருந்தால் போதும். காப்கிரா நோயாளிகளிடம் பழுதாகிப்போனது என்று கோல்ட்ஹார்ட் சொன்னாரே, வந்த எண்ணத்தை நிறுத்திக் கேட்கும் வேலை, அது அன்று அங்கே ஆரோக்கியமான பல பேரிடம் ஒரே நேரத்தில் நின்றுபோயிருந்தது.

எனவே யாராவது உள்ளுணர்வு சொல்கிறது என்றால் இப்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, அந்த உணர்வு எங்கே பழகியது என்பதுதான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவரிடமும், நிலம் வாங்கும்போது மனசுக்குப் பட்டது என்பவரிடமும் இதைத்தான் கேட்க வேண்டும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள் பிறகு எப்படி வேலை செய்தார்கள் என்று ஆள் எடுக்கிறவருக்குத் தெரிய வழியே இல்லையே.

இங்கிலாந்தில் 2021இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் ரத்தத்தில் தொற்று ஏறி மருத்துவமனையில் இறந்தாள். பெற்றோர் கவலையைச் சொல்லியும் அது உரிய கவனத்தைப் பெறவில்லை. முன்பே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணையில் தெரிந்தது. அவள் அம்மா விடாமல் பேசியதில், 2024 முதல் அங்கே மார்த்தா விதி என்று ஒன்று மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. குடும்பத்தார் எந்த நேரத்திலும் வேறொரு மருத்துவக் குழுவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, நோயாளி எப்படி இருக்கிறார் என்று அவரிடமோ குடும்பத்தாரிடமோ தினமும் ஒரு முறையாவது கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்ற பகுதி.

நம் குழந்தைகள் வார்டுகளில் அம்மாவோ பாட்டியோ இருபத்துநாலு மணி நேரமும் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எத்தனை வாய் கஞ்சி இறங்கியது, எப்போது யூரின் போனது எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கேஸ் ஷீட்டில் பல்ஸ், பிபி, டெம்பரேச்சர் எழுதும் கட்டங்களுக்குப் பக்கத்தில் அம்மா சொல்வதற்கும் ஒரு கட்டம் வேண்டும். எப்படிம்மா இருக்கா என்று கேட்டால் பரவாயில்ல சார் என்றுதான் பதில் வரும், டாக்டர் முன்னால் வேறு என்ன சொல்ல முடியும்? கேள்வியை மாற்ற வேண்டும்: இவ வழக்கமா இப்படித்தான் இருப்பாளா, என்ன மாறியிருக்கு? அவள் சரியில்லை என்றால் ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் டாக்டர் இன்னொரு முறை வந்து பார்க்கட்டும். நல்லாயிருக்கா என்றால் சந்தோஷம், அதற்காக அடுத்த பிசிவியைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதற்கு மெஷின் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கேட்டு எழுதுவதற்கு சிஸ்டருக்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் வார்டு நிரம்பி வழியும்போது, முக்கியமாக இரவு டியூட்டியில், அந்த நேரம் கிடைக்க இன்னும் ஆட்களைப் போட வேண்டும்.